காளை விந்தணு ஆயத்தமாவது எப்படி? சினை ஊசி பழக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்கள் முன்போல் நிறையப் பேர் இல்லை. லயங்கள் காலியாகிப் பலரும் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்துவிட்டனர். ஆனாலும் செம்பனை மரங்களின் கீழே நான்கைந்து கறவைகளை மேயவிட்டு, விடியற்காலையில் பால் கறந்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இவர்களில் பலரிடம் பொலிகாளை இல்லை. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் கால்நடை இலாகாவுக்கோ சினை ஊசி (விந்தைக் குழல்வழி கருப்பைக்குள் விடும் செயற்கைக் கருவூட்டல்) போடத் தெரிந்தவருக்கோ சொல்லியனுப்புகிறார்கள். அந்த ஊசியைப் போடக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களுக்காகவும், புதிதாக மாடு வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பழக வருபவர்கள் முதலில் கற்பது கைவேலை: ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடிப்பது, ஊசிக்குழலை அதன் மடிப்புகளைத் தாண்டிச் செலுத்துவது, கருப்பையின் உடற்பகுதி தொடங்கும் இடத்தில் விந்தை மெதுவாக விடுவது. கைவேலை தேவைதான். ஆனால் நாம் உள்ளே விடும் விந்தணு அந்தக் கணத்தில் சினைமுட்டைக்குள் நுழையும் தகுதியோடு இருப்பதில்லை. மாட்டின் உடலுக்குள் பல மணி நேரம் தங்கி, தன் மேற்பரப்பையும் உள்ளோட்டத்தையும் மாற்றிக்கொண்ட பிறகுதான் அந்தத் தகுதியைப் பெறுகிறது. எந்த நேரத்தில் ஊசி போடுவது, விந்து அடைத்த குச்சியை ஏன் இத்தனை பக்குவமாகக் கையாள்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே விந்தணுவின் பயணத்தை முதலில் படிப்படியாகப் பார்த்துவிட்டு, பிறகு நம் கைகளுக்கு வருவோம்.

முதல் படி: குச்சிக்குள் இருப்பதை அறிதல்

உறைவிந்துக் குச்சி 0.25 அல்லது 0.5 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பகாங் மாநிலத்து ஜெராண்டுட்டில் உள்ள தேசியக் கால்நடைப் பல்லுயிர்க் கழகம் போன்ற நிலையங்களில் காளையிடமிருந்து விந்தெடுத்து, முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில் நீர்த்து, குச்சிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். ஒரு குச்சியில் இரண்டு கோடி அளவில் விந்தணுக்கள் இருக்கும்.

ஒவ்வொரு விந்தணுவும் விதைப்பையில் உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகிறது. அதன் பிறகு விதைமேற்குழாயில் ஒன்றிரண்டு வாரம் ஊர்ந்து முதிர்கிறது. அதற்குத் துடுப்பு போல் தட்டையான தலை, தலைக்குப் பின்னால் ஆற்றல் தரும் நடுப்பகுதி, அதன் பிறகு நீண்ட வால். தலையின் முன்பாதியை ஒரு தொப்பி மூடியிருக்கிறது. அக்ரோசோம் எனப்படும் இந்தத் தொப்பி, செரிப்பு நொதிகள் நிரம்பிய ஒரு பை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் முடிவில் இதுதான் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் திறக்கவே கூடாது.

இரண்டாம் படி: மேலாடை கழலுதல்

1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாங் என்பவரும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும், ஒருவர் வேலையை ஒருவர் சாராமல், ஒரே உண்மையைக் கண்டார்கள். அப்போதுதான் எடுத்த விந்தணுக்களை நேராகச் சினைமுட்டையருகே விட்டால் கருத்தரிப்பு நடப்பதில்லை; பெண் விலங்கின் உடலில் சில மணி நேரம் தங்கிய விந்தணுக்களால் மட்டுமே அது முடிகிறது. அடுத்த ஆண்டு ஆஸ்டின் இதற்குக் கெப்பாசிட்டேஷன் என்று பெயரிட்டார். தமிழில் இதைத் திறனேற்றம் என்று சொல்லலாம். முயலிலும் எலியிலும் முதலில் கண்ட இந்த விஷயம் காளைக்கும் பொருந்தும்.

திறனேற்றத்தில் முதலில் மாறுவது விந்தணுவின் வெளிச்சவ்வு. விந்து வெளிவரும்போது விந்துநீரில் உள்ள புரதங்கள் விந்தணுவின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. காளையில் இவற்றுள் முதன்மையானவை பிஎஸ்பி எனப்படும் புரதங்கள். இவை சவ்வில் இருக்கும் கோலின் கொழுப்புகளைப் பிடித்துக்கொண்டு, சவ்வின் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியை வெளியே இழுக்கின்றன. கொலஸ்ட்ரால் என்பது சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருள். அது குறையக் குறையச் சவ்வு நெகிழ்ந்து, அதில் பதிந்துள்ள புரதங்கள் இடம் மாறி, கால்சியம் உள்ளே வர வழி திறக்கிறது. சினைமுட்டை இறங்கிவரும் கருக்குழாயின் நீரில் இருக்கும் அல்புமினும் கொழுப்பு சுமக்கும் புரதங்களும் மீதிக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அங்குள்ள ஹெபாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் பிஎஸ்பி புரதங்களோடு சேர்ந்து இந்த வேலையை முடுக்குகின்றன.

கரைசலில் முட்டை மஞ்சள் கரு எதற்கு என்று பழக வருபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்புப் புரதங்கள் இந்த பிஎஸ்பி புரதங்களைத் தம்மோடு கட்டிப்போட்டு, அவை விந்தணுவின் கொலஸ்ட்ராலை அளவு மீறி உருவாமல் தடுக்கின்றன. மாட்டுக்குள் போன பிறகு நடக்க வேண்டிய ஒன்று குச்சிக்குள்ளேயே நடந்துவிடாதபடி காப்பது அந்த மஞ்சள் கருதான். அடுப்பங்கரையில் கிடைக்கும் ஒரு பொருள் இவ்வளவு நுட்பமான காவலைச் செய்வது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாம் படி: உள்ளே எழும் செய்தி

சவ்வு நெகிழ்ந்ததும் உள்ளே நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெயர்கள் புதியவரை மிரட்டும். விதைமேற்குழாயில் பைகார்பனேட் உப்பு மிகக் குறைவு. கருக்குழாயிலோ அது மிகுதி. அந்த உப்பு விந்தணுவுக்குள் நுழைந்து ஒரு நொதியைத் தூண்ட, அது சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறை உண்டாக்குகிறது. அந்தச் செய்தியால் பல புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏறுகிறது. உட்புறத்தின் அமிலத்தன்மை குறைகிறது, கால்சியம் உயர்கிறது. தலையில், வெளிச்சவ்வுக்கும் தொப்பியின் மேற்சவ்வுக்கும் இடையே ஆக்டின் இழைகள் வேலியைப் போல் உருவாகி, தொப்பி காலத்துக்கு முன்பே திறந்துவிடாமல் நிற்கின்றன.

எல்லா விந்தணுக்களும் ஒரே நேரத்தில் இந்த நிலையை அடைவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே திறனேறி நிற்கும், அவை சீக்கிரமே மடியும், வேறு சில அவற்றின் இடத்துக்கு வரும். முட்டை எந்த நேரத்தில் வெளிப்படும் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையில், முறைவைத்துக் காத்திருக்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. திறனேற்றத்தை ஓரளவு திருப்பவும் முடியும்: திறனேறிய விந்தணுவை மறுபடியும் விந்துநீரில் இட்டால் அது பழைய நிலைக்குப் போகும். தொப்பி திறந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

நான்காம் படி: தங்குமிடமும் வாலின் மாற்றமும்

கருப்பைக் கொம்பைக் கடந்து கருக்குழாயின் குறுகிய அடிப்பகுதிக்கு வந்து சேரும் விந்தணுக்கள், அங்கிருக்கும் மயிரிழைச் செல்களின் மேல் தலையை ஒட்டவைத்துக்கொள்கின்றன. காளை விந்தணு அங்கே தேடிப் பிடிப்பது பியூகோஸ் என்னும் சர்க்கரையை. அந்தப் பிடிப்புக்கும் பிஎஸ்பி புரதங்களே உதவுகின்றன. ஒட்டியிருக்கும் வரையில் திறனேற்றம் மெதுவாக நடக்கிறது, ஆயுளும் நீள்கிறது. கருப்பையில் விடப்பட்ட கோடிக்கணக்கானவற்றில் இந்தத் தங்குமிடத்துக்கு வந்து சேர்பவை சில ஆயிரங்களே.

முட்டை வெளிப்படும் வேளை நெருங்கும்போது, திறனேறிய விந்தணுவின் வாலடி மாறுகிறது. அதுவரை சீரான சிறு அலையாக அடித்து நேராக முன்னேறிய வால், இப்போது ஒருபக்கமாக ஆழமாக வளைந்து சாட்டை சொடுக்குவதுபோல் வீசுகிறது. வாலின் சவ்வில் உள்ள கேட்ஸ்பர் என்னும் வாயில்கள் வழியே கால்சியம் பாய்வதால் இது நிகழ்கிறது. இதை மிகைத்துடிப்பு என்பார்கள். சாதாரண நீரில் பார்த்தால் அந்த விந்தணு ஓரிடத்திலேயே எட்டுப்போட்டுச் சுற்றுவதாகத் தோன்றும். ஆனால் கருக்குழாயின் கெட்டியான சளியிலும் மடிப்புகளிலும் அந்த வீச்சுதான் அதைச் சுவரிலிருந்து பிய்த்து முன்னே தள்ளுகிறது.

ஐந்தாம் படி: தொப்பி திறத்தல்

சினைமுட்டையைச் சுற்றிச் செல்திரளும், அதற்குள் சோனா பெலூசிடா எனப்படும் கெட்டியான உறையும் உள்ளன. திறனேறிய விந்தணு அங்கே வந்ததும் கால்சியம் சட்டென்று உயர்கிறது. ஆக்டின் வேலி கரைகிறது. வெளிச்சவ்வும் தொப்பியின் மேற்சவ்வும் பல புள்ளிகளில் ஒன்றோடொன்று கலந்து, சல்லடைபோல் துளைபட்டு உதிர்கின்றன. உள்ளிருந்த அக்ரோசின், ஹையலூரானிடேஸ் முதலிய நொதிகள் வெளியேறுகின்றன. வாலின் வீச்சும் சேர, விந்தணு உறையைத் துளைத்து நுழைகிறது. தலையின் நடுப்பட்டை முட்டையின் சவ்வோடு இணைகிறது. தொப்பியை முன்கூட்டியே இழந்த விந்தணு உறையைப் பற்றிக்கொள்ள முடியாமல் வீணாகிறது. குச்சியைக் கையாளும்போது நாம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஆறாம் படி: உறைவிந்து ஏன் அவசரக்காரன்

1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசராலின் காப்புத் தன்மையைக் கண்டறிந்ததால்தான் இன்று நம் தோட்டத்து மாட்டுக்கு எங்கோ இருக்கும் காளையின் விந்து கிடைக்கிறது. ஆனால் குளிர்வித்து உறையவைத்து மீண்டும் உருக்கும்போது சவ்வின் கொழுப்புகள் இடம்பெயர்கின்றன, கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி போகிறது, கால்சியம் கசிந்து உள்ளே வருகிறது. இவையெல்லாம் திறனேற்றத்தின் அடையாளங்களை ஒத்தவை. உருகி எழும் விந்தணுக்களில் பல பாதி ஆயத்தமாகவே எழுகின்றன. அவை விரைவில் தகுதி பெறும், விரைவில் மடியும். காளை நேரில் ஏறினால் கோடானுகோடி விந்தணுக்கள் நீண்ட நேரம் தாங்கும். குச்சியில் வந்தவைக்கு எண்ணிக்கையும் குறைவு, ஆயுளும் குறைவு. அதனால் நேரம் தவறினால் உறைவிந்து மன்னிக்காது.

ஏழாம் படி: நேரத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

புதியவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது. பருவம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். வெளிப்பட்ட முட்டை 6 முதல் 12 மணி நேரம் வரை நல்ல நிலையில் இருக்கும். விந்தணு தங்குமிடத்தை அடைந்து திறனேற 6 முதல் 8 மணி நேரம் தேவை. ஆகவே முட்டை வெளிப்படுவதற்கு அரை நாள் முன்னதாக விந்தணு கருப்பைக்குள் இருக்க வேண்டும்.

ஒரு மாட்டை வைத்துப் பார்ப்போம். திங்கள் விடியற்காலை 2 மணிக்குப் பருவம் தொடங்கியது, காலை 6 மணிக்குப் பால் கறக்கப் போனவர் அது மற்ற மாடு தன்மேல் ஏற அசையாமல் நிற்பதையும், பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்த சளி வடிவதையும் கண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை செவ்வாய் காலை 6 மணி வாக்கில் வெளிப்படும். திங்கள் காலை 6.30 மணிக்கே ஊசி போட்டால் விந்தணு கிட்டத்தட்ட ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். உறைவிந்தில் பெரும்பகுதி அதற்குள் தகுதி பெற்று மடிந்திருக்கும். செவ்வாய் நண்பகலில் போட்டால் விந்தணு ஆயத்தமாவதற்குள் முட்டைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வயதாகிவிடும். திங்கள் மாலை 5 மணிக்குப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும். காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்று பெரியவர்கள் சொல்லும் விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

நான் பழகிய முதலாம் ஆண்டில் என் அத்தையின் மாடு விடியலில் கத்தியது. "கத்துதுப்பா, இப்பவே போட்டுடு, பொழுது சாஞ்சா அடங்கிடும்" என்று அத்தை வற்புறுத்தவும் காலை 7 மணிக்கே போட்டேன். இருபத்தொரு நாளில் மாடு மறுபடியும் கத்தியது. அடுத்த முறையும் அப்படியே செய்தேன், அப்படியே திரும்பியது. மூன்றாம் முறை மாலை வரை பொறுத்துப் போட்டபோது சினை நின்றது. ஒரே மாட்டை வைத்து விதி சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதல் இரண்டு முறையும் ஒரு குடும்பத்தின் ஒன்றரை மாதத்தை என் அவசரம் எடுத்துக்கொண்டது என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நம் வட்டாரத்துக்கு ஒரு திருத்தம் உண்டு. தோட்டங்களில் நாம் பரம்பரையாக வளர்த்துவரும் திமிலுள்ள நாட்டு மாடுகளிலும், கெடா கிளந்தான் இனத்திலும், அவற்றின் கலப்பிலும் பருவம் குறுகியதாக, பத்து மணி நேர அளவில் முடிந்துவிடுவதுண்டு. அதுவும் பெரும்பாலும் இரவில் வரும். பிரீசியனும் சாஹிவாலும் கலந்த மாப்ரிவால் மாட்டிலும் வெயில் காலத்தில் அறிகுறிகள் மங்கும். மாலை 6 மணிக்கும், படுக்கப் போகும் முன் 10 மணிக்கும், விடியலிலும் என மூன்று முறை கைவிளக்குடன் போய்ப் பார்க்கும் வழக்கம் இருந்தால்தான் தொடக்கத்தைச் சரியாகப் பிடிக்க முடியும். எப்போது தொடங்கியதென்றே தெரியாமல், காலையில் சளி கெட்டியாகி அறிகுறி தணிந்து வரும் நிலையில் கண்டால், மாலை வரை காக்காமல் உடனே போடுவதே சரி.

எட்டாம் படி: உருக்குதல்

இனி நம் கைகள். குச்சியை எடுக்கும்போது நைட்ரஜன் கலனின் கழுத்தில் உறைபனி படியும் கோட்டுக்கு மேலே, குச்சிகள் இருக்கும் குவளையைத் தூக்காதீர்கள். ஐந்தாறு விநாடிக்குள் எடுத்து முடிக்காவிட்டால் குவளையை மீண்டும் உள்ளே இறக்கிவிட்டுப் பிறகு முயலுங்கள். எடுக்கப்படாத குச்சிகள் பாதி சூடாகி மீண்டும் உறையும்போது சவ்வுகள் கிழிகின்றன, அந்தச் சேதம் வெளியே தெரியாது.

குச்சியை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 முதல் 40 விநாடி வையுங்கள். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பதால் அதுவே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. வாய் அகன்ற தெர்மாஸ் குடுவையில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த குச்சியைச் சுத்தமான தாளால் ஒரு பொட்டு ஈரமும் இல்லாமல் துடையுங்கள். ஒரு துளி நீர் வெட்டுவாய் வழியே கலந்தாலும் விந்தணுக்கள் அந்த நீரை உறிஞ்சி உப்பி, வால் சுருண்டு போகும். பிறகு காற்றுக்குமிழ் இருக்கும் பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, ஊசிக்குழலில் பொருத்தி, சட்டைக்குள் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடங்கள். வெயிலில் நீட்டிப் பிடிப்பதும், மோட்டார் சைக்கிளில் காற்றில் பிடித்துக்கொண்டு போவதும் இரண்டுமே கேடு. உருக்கியதிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஆகையால் மாட்டைக் கட்டி, கழுவி, எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்த பிறகே குச்சியை உருக்குங்கள்.

ஒன்பதாம் படி: நுண்ணோக்கியில் பார்த்தல்

இதுவரை சொன்னதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள், ஒரே தொகுதியிலிருந்து ஒரு குச்சியைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கண்ணாடித் துண்டை 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு சிறு துளியை வைத்து மூடுகண்ணாடி இட்டு, 200 மடங்கில் பாருங்கள். நல்ல குச்சியில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத விந்தணுக்கள் நேர்க்கோட்டில் முன்னேறும். பல விந்தணுக்கள் வட்டமடித்தால் உடனே குச்சியைக் குறை சொல்லாமல் கண்ணாடி குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளிர் பட்டாலும் அவை வட்டமடிக்கும். மிகைத்துடிப்பு அதுவல்ல: அதில் வால் ஆழமாக வளைந்து சொடுக்கும், தலை இருபுறமும் வேகமாக அசையும்.

தொப்பியைப் பார்ப்பதற்கு, துளியைப் பார்மலின் கலந்த உப்புநீரில் நிலைநிறுத்தி, பேஸ் கான்ட்ராஸ்ட் வசதியுள்ள நுண்ணோக்கியில் எண்ணெய் வைத்து 1000 மடங்கில் பார்க்க வேண்டும். முழுமையான காளை விந்தணுவின் தலை உச்சியில் பிறைபோல் தடித்த ஒரு விளிம்பு பளிச்சென்று தெரியும். திறந்துவிட்டதில் அந்தப் பிறை இருக்காது, தலை மழுங்கிக் காணும். நூறு தலைகளை எண்ணி, எத்தனையில் பிறை இருக்கிறது என்று குறியுங்கள். அதே விந்தை இரண்டு மணி நேரம் 37 டிகிரியில் வைத்திருந்து மீண்டும் எண்ணினால், அந்தத் தொகுதியின் ஆயுள் எப்படி என்பது புலப்படும். உருக்கிய உடனே நன்றாக நீந்திவிட்டு இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துவிடும் தொகுதியைப் பருவத்தின் முடிவுக்குச் சற்று நெருக்கிப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கணிப்பு.

ஆய்வகங்களில் இதையே இன்னும் திருத்தமாகச் செய்கிறார்கள். கழுவிய விந்தணுக்களை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஹெபாரின் கலந்த கரைசலில் நான்கு மணி நேரம் வைத்தால் காளை விந்தணு திறனேறுகிறது. 1988-இல் பாரிஷும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இது. அந்தக் கரைசலில் குளுக்கோஸ் சேர்ந்தால் காளை விந்தணுவின் திறனேற்றம் தடைபடும் என்பதும் அவர்கள் கண்டதே. கண்ணாடிக் கலனில் கன்றுக் கரு உண்டாக்குபவர்கள் இன்றும் ஹெபாரினையே நம்பியிருக்கிறார்கள்.

பத்தாம் படி: குறிப்பேடு

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பருவம் முதலில் கண்ட நேரம், சளியின் தன்மை, ஊசி போட்ட நேரம், குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணும் தேதியும், உருக்கிய நீரின் வெப்பம் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை அந்த மாட்டை இரவிலும் போய்ப் பாருங்கள். திரும்பக் கத்தினால் பழைய பக்கத்தைத் திறந்து, கண்ட நேரத்துக்கும் போட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு, இந்த முறை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். திரும்பாத மாட்டை இரண்டு மாதம் கழித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினையை உறுதிசெய்து, அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.